மணப்பெண் வெள்ளையில் வரும் கல்யாணத்துக்கு வெளிர் நிறம் கட்டலாமா?

கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கல் வருவதற்குள் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் சர்ச் கல்யாணங்கள் வரிசையாக வரும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் லீவில் ஊருக்கு வந்திருக்கும் நேரம். அந்த நாட்களில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "அக்கா, சந்தனக் கலர் புடவை ஒண்ணு புதுசா இருக்கு. பொண்ணு வெள்ளை கட்டுறா. நான் இதைக் கட்டிட்டுப் போனா தப்பா?" லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் தோழிகளுக்கு வேறு கவலை. கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம், பெட்டியில் இருக்கும் ஒரே நல்ல பட்டு கிரீம் நிறம், அங்கே அது சரிப்படுமா என்று கேட்கிறார்கள்.

கேள்வி சின்னதாகத்தான் தெரியும். என் தங்கச்சியின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அது சின்ன விஷயமாக இல்லை. பாளையங்கோட்டையில் கல்யாணம். அவள் ஹாஃப் ஒயிட் பட்டு கட்டியிருந்தாள். நான் கட்டியது வெளிர் தங்க நிற டிஷ்யூ புடவை. கடைக்காரர் அதை ‘லைட் கோல்டு’ என்றுதான் எடுத்துப் போட்டார். வீட்டுக் கண்ணாடியிலும் தங்க நிறமாகத்தான் தெரிந்தது. ஆல்பம் வந்தபோது, ஆல்டர் (சர்ச் பீடம்) முன்னால் குடும்பமாக நிற்கும் போட்டோவில் இரண்டு பெண்கள் வெள்ளையில் நின்றோம். ஒருத்தி மணப்பெண், இன்னொருத்தி நான். தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் அவள் சட்டென்று புரட்டியதைப் பார்த்தேன்.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணப்பெண் வெள்ளையில் வரும் கல்யாணத்தில், போட்டோவில் வெள்ளையாகிவிடக்கூடிய எதையும் கட்ட வேண்டாம். மற்ற கல்யாணங்களுக்கு இதே விதியைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். நடுவில் இருக்கும் நிறங்களைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, மணப்பெண் என்ன நிறத்தில் வருகிறாள் என்பது. அரக்கு நிறக் கூறைப் புடவையில் பெண் உட்கார்ந்திருக்கும் முகூர்த்தத்தில் நீங்கள் கிரீம் கட்டினால் யாரும் உங்களை மணப்பெண்ணோடு சேர்த்துப் பார்க்கப் போவதில்லை. அங்கே வரக்கூடிய சங்கடம் வேறு. வெள்ளையைத் துக்கத்தோடு சேர்த்துப் பார்க்கும் பெரியவர்கள் அந்த வீட்டில் இருப்பார்கள். சர்ச்சில் நிலைமை நேர் எதிர். அங்கே வெள்ளை அமங்கலம் இல்லை, அன்றைக்கு அது ஒருத்திக்கு என்று ஒதுக்கி வைத்த நிறம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

நம்ம ஊர் சர்ச்சுக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. ‘வெள்ளை’ என்று சொன்னாலும் மணப்பெண் கட்டுவது பெரும்பாலும் பால் வெள்ளை இல்லை. ஹாஃப் ஒயிட் பட்டு, கரையில் தங்க ஜரிகை, தலையில் நெட், கையில் பொக்கே. தூரத்திலிருந்து பார்த்தால் சந்தனமும் வெளிர் தங்கமும் கலந்த மாதிரி இருக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, "நான் வெள்ளை கட்டலையே, சந்தனம்தானே" என்று நம்மவர்கள் சமாதானம் செய்துகொள்வார்கள். நம்ம ஊர் மணப்பெண்ணின் நிறத்துக்குப் பக்கத்தில் வருவது பால் வெள்ளையைவிடச் சந்தனம்தான். என் டிஷ்யூ புடவை மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

இரண்டாவது, கேமரா. கல்யாண நாள் ஒரு நாள், ஆல்பம் ஐம்பது வருஷம். நேரில் என்ன நிறமாகத் தெரிகிறது என்பதைவிட, ஃப்ளாஷிலும் வீடியோ லைட்டிலும் என்ன நிறமாகிறது என்பதுதான் கணக்கு. இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, நீங்கள் மணப்பெண்ணுக்கு யார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுக் கிளம்பும் விருந்தாளிக்கும், ஆல்டர் முன்னால் நாற்பது போட்டோவில் நிற்கப்போகும் அக்காவுக்கும், மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. உறவு நெருங்க நெருங்கக் கவனமும் கூட வேண்டும். ‘நான் வீட்டு ஆள், யார் என்ன சொல்லப்போகிறார்கள்’ என்று நெருங்கிய உறவினர்களே அசட்டையாக இருந்துவிடுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, காசு. கையில் ஒரு நல்ல புடவை இருக்கும்போது நிறத்துக்காக மட்டும் இன்னொன்று வாங்குவது எல்லாருக்கும் எளிதில்லை. அந்தச் செலவு தேவையா என்பதையும் எடை போட்டுத்தான் பேச வேண்டும்.

## வழி 1: முழு வெள்ளை, ஹாஃப் ஒயிட், ஐவரி

மணப்பெண் வெள்ளையில் வரும் கல்யாணத்துக்கு வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்தானே, அதற்கு இவ்வளவு மரியாதை எதற்கு’ என்று ஒரு தோழி வாதாடினாள். அவள் சொல்வதில் பாதி சரி. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா ராணி இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தபோது வெள்ளை சாட்டின் கவுனும் ஹானிட்டன் வகை லேஸும் அணிந்தார். அதற்கு முன்னாலும் வெள்ளையில் மணந்தவர்கள் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் பெரும்பாலான பெண்கள் தங்களிடம் இருப்பதில் நல்ல உடை எதுவோ அதைப் போட்டுக்கொண்டுதான் சர்ச்சுக்குப் போனார்கள். ராணியின் படம் பரவிய பிறகு வெள்ளை மெதுவாக மணப்பெண்ணின் நிறமாக மாறியது. மிஷனரிகளோடு நம்ம ஊர் சர்ச்சுகளுக்கும் வந்தது. இங்கே வந்த பிறகு கவுனுக்குப் பதில் பட்டாயிற்று, மோதிரத்தோடு தாலியும் சேர்ந்தது.

அந்தக் கல்யாணத்தில் விக்டோரியாவின் 12 தோழிப்பெண்களும் வெள்ளையில்தான் வந்தார்கள். அதாவது ‘வெள்ளை மணப்பெண்ணுக்கு மட்டும்’ என்ற கட்டுப்பாடு அந்த வெள்ளைக் கவுனோடு சேர்ந்து பிறந்தது இல்லை. 2011 ஏப்ரல் 29 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இளவரசர் வில்லியமை கேட் மிடில்டன் மணந்தபோது, அவர் தங்கை பிப்பாவும் வெள்ளையில் வந்தார், உலகமே பார்த்தது. ஆனால் அவர் வந்தது தோழிப்பெண்ணாக. அக்கா, தங்கை இருவரின் உடையையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், சாரா பர்ட்டன். வெள்ளை அங்கே மணப்பெண் வீட்டுத் திட்டத்திலேயே இருந்தது. கூப்பிட்ட விருந்தாளி தானாக முடிவெடுத்து வெள்ளையில் வருவதை அதோடு ஒப்பிட முடியாது.

பழக்கம் எங்கிருந்து வந்திருந்தால் என்ன? அந்தப் பெண் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கக் கேட்டு, பாடகர் குழு எழுந்து நிற்க, அப்பா கையைப் பிடித்து நடந்து வருகிற அந்த இரண்டு நிமிஷத்தில், முழுச் சர்ச்சும் ஒரே ஒரு வெள்ளையைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஆசை அவளுக்கு இருப்பது நியாயம். அதற்கு வரலாற்றுச் சான்று தேவையில்லை.

இந்த வழி சரியாக வரும் இடங்களும் உண்டு. வெள்ளையே உடுத்தும் பெந்தெகொஸ்தே சபைகளின் கல்யாணத்தில் பாதிக் கூட்டம் வெள்ளையில்தான் இருக்கும், நீங்கள் கரும்பச்சையில் போனால்தான் தனியாகத் தெரிவீர்கள். ‘எல்லாரும் வெள்ளையில் வாருங்கள்’ என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தால் தாராளமாகக் கட்டலாம். கேரளத்தில் இந்துக் கல்யாணத்துக்குக் கசவுப் புடவையில் (கிரீம் உடல், தங்க ஜரிகைக் கரை) போவது மங்கலம், குருவாயூர் பக்கம் மணப்பெண்ணே கசவில் இருப்பாள், விருந்தாளிகளும் அதில்தான் இருப்பார்கள். ஆண்களுக்கு வெள்ளை வேட்டி சட்டை எந்தக் கல்யாணத்திலும் பிரச்சினை இல்லை.

## வழி 2: வெளிர் சாயல்கள் (சந்தனம், பேபி பிங்க், மிண்ட், லேவண்டர், வெளிர் தங்கம்)

எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். கடையில் இவற்றுக்கு அழகான பெயர்கள் உண்டு: ஷாம்பெயின், பீச், பிஸ்தா, பவுடர் புளூ, ரோஸ் கோல்டு. பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள். பெயர் அடர்த்தியைச் சொல்லாது.

கேமரா என்ன செய்கிறது என்று ஒரு போட்டோகிராபர் எனக்கு விளக்கினார். போட்டோவில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாகப் பதிவாகும். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். மூன்றும் 255ஐத் தொட்டுவிட்டால் அது வெள்ளை. பேபி பிங்க்கில் சிவப்பு ஏற்கெனவே 250 பக்கத்தில் இருக்கும், மற்ற இரண்டும் 225, 230 என்று கொஞ்சம் கீழே இருக்கும். அந்த வித்தியாசம்தான் நம் கண்ணுக்கு இளஞ்சிவப்பு. ஃப்ளாஷ் கொஞ்சம் கூடிவிட்டால் மூன்றும் மேலே போய் முட்டிக்கொள்ளும், அதற்கு மேல் ஏற இடமில்லை. இளஞ்சிவப்பு போய் வெள்ளை மட்டும் மிஞ்சும். எடிட்டிங்கில் எவ்வளவு இழுத்தாலும் திரும்பி வராது.

சந்தனத்துக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. சர்ச்சுக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மணப்பெண்ணின் பட்டு பழுப்படித்துத் தெரியும். அவள் புடவை வெள்ளையாகத் தெரிய வேண்டுமே என்று எடிட் செய்கிறவர் படம் முழுக்க மஞ்சளைக் குறைப்பார். உங்கள் சந்தனத்தில் இருக்கும் மஞ்சளும் சேர்ந்து குறையும். அவள் வெள்ளையாக, நீங்கள் கிட்டத்தட்ட வெள்ளையாக வந்து நிற்பீர்கள். ஆல்பத்தில் நாலு கறுப்பு வெள்ளைப் படமும் போடுவார்கள், அதில் மிண்ட், லேவண்டர், பீச் எல்லாமே ஒரே வெளுப்பு.

துணியையும் பார்க்க வேண்டும். ஒரே நிறம் மங்கலான காட்டனில் அடக்கமாக இருக்கும், டிஷ்யூவிலும் சாட்டினிலும் ஆர்கன்சாவிலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். டிஷ்யூவில் இழையே ஜரிகை. ஃப்ளாஷ் அடித்த அந்த நொடியில் நான் கட்டியிருந்த தங்க நிறம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது.

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை. புடவையை இரண்டு மடிப்பு விரித்துக் கட்டிலில் போடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாள் வையுங்கள். ராத்திரி, ட்யூப்லைட் வெளிச்சத்தில், மொபைலில் ஃப்ளாஷைக் கட்டாயம் போட்டு ஆறடி தள்ளி நின்று எடுங்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்காமல், கட்டைவிரல் அளவில் பாருங்கள். தாளும் புடவையும் வேறு வேறு நிறம் என்று உடனே தெரிந்தால் பயப்பட வேண்டாம். ‘வேறுதான்... கொஞ்சம் வேறுதான்’ என்று யோசிக்க வேண்டியிருந்தால் வேண்டாம். அந்தப் படத்தையே கறுப்பு வெள்ளையாக்கியும் ஒரு தடவை பாருங்கள். நான் இந்தச் சோதனையை ஆறு புடவைக்குச் செய்து பார்த்தேன். எலுமிச்சை மஞ்சள் தப்பித்தது, பிஸ்தா தப்பித்தது, பவுடர் புளூ தோற்றது. லேவண்டர் காட்டனில் தப்பித்தது, ஆர்கன்சாவில் தோற்றது.

வெளிர் நிறத்துக்கு வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. உள்ளே அதே நிறத்தில் உள்பாவாடை இல்லையென்றால் வீடியோ லைட்டில் ஊடுருவித் தெரியும். பந்தியில் ஒரு சொட்டு குழம்பு போதும், டிரை வாஷ் கொடுக்க வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏசி இல்லாத சர்ச்சில் வெளிர் பிளவுஸ் என்ன பாடுபடும் என்று பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் யாருக்கு, எப்போது இது நல்ல வழி? பகல் வெளிச்சத்தில், வெளியே தோட்டத்தில் நடக்கும் கல்யாணம். ஆல்டர் பக்கம் போகாத விருந்தாளி. மணப்பெண் வேறு புடவைக்கு மாறிவிடும் மாலை ரிசப்ஷன். இந்த மூன்றிலும் நல்ல பிஸ்தாவோ பீச்சோ அழகாகவே இருக்கும். எங்கள் பக்கம் பல குடும்பங்களில் ரிசப்ஷனுக்குப் பெண் மெரூனோ பச்சையோ கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். உங்களுக்குப் பிடித்த சந்தனப் பட்டை மாலைக்கு என்று எடுத்து வைத்துவிட்டால் புதுப் புடவைச் செலவும் மிச்சம்.

## வழி 3: வெளிர் உடல், பெரிய பார்டர்

உடல் கிரீம், கரை அரை முழத்துக்கு மாம்பழ மஞ்சளோ அரக்கோ மயில் கழுத்தோ. கூடவே முந்தியும் பிளவுஸும் அதே அடர் நிறம். இப்படி ஒரு புடவை உங்களிடம் இருந்தால், சர்ச் கல்யாணத்துக்குக்கூட நான் தடுக்க மாட்டேன். போட்டோவில் இடுப்புக்கு மேலேதான் பெரும்பாலும் வரும். அங்கே பிளவுஸும் முந்தியும் அடர் நிறத்தில் இருப்பதால் உங்களை வெள்ளை என்று யாரும் படிக்க முடியாது. செலவும் இல்லை, வெயிலுக்கும் இதம்.

கரை வெறும் ஜரிகை என்றால் கதை வேறு. கிரீம் உடலும் தங்க ஜரிகைக் கரையும்தான் நம்ம ஊர் மணப்பெண் உடை. கசவும் அதே ஜாடைதான். அதனால் கேரள இந்துக் கல்யாணத்துக்கு எவ்வளவு பொருத்தமோ, நாகர்கோவில் சர்ச் கல்யாணத்துக்கு அது அவ்வளவு பொருந்தாது. எல்லையைத் தாண்டி இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரே புடவையின் அர்த்தம் மாறிவிடுகிறது.

பிளவுஸ் மாற்றுவதைக் குறைவாக நினைக்காதீர்கள். கிரீம் புடவைக்குக் கிரீம் பிளவுஸ் போட்டு ஒரு படம், கரும்பச்சை பிளவுஸ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு வேறு புடவை மாதிரி இருக்கும். புதுப் புடவை வாங்கும் காசில் எட்டில் ஒரு பங்கு ஆகலாம், தையல் கூலியோடு சேர்த்து.

## வழி 4: நடு நிறமும் அடர் நிறமும்

நீலம், பச்சை, கத்தரிப்பூ, மெரூன், கடுகு மஞ்சள். யாருக்கும் சங்கடம் இல்லாத வழி. என் ஓட்டும் இதற்குத்தான். இரண்டு எச்சரிக்கை மட்டும். தோழிப்பெண்கள் எல்லாருக்கும் ஒரே நிறம் எடுத்திருப்பார்கள், அது பீக்காக் புளூ என்று தெரிந்தால் நீங்கள் வேறு எடுங்கள். முகூர்த்தக் கல்யாணத்துக்கு முழுக் கறுப்பு வேண்டாம். வெள்ளையைவிடக் கறுப்புக்குத்தான் பல வீடுகளில் முகம் சுளிப்பார்கள். சீனக் குடும்பத்துக் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ போனால் பளிச் சிவப்பையும் விட்டுவிடுங்கள், அங்கே அது மணப்பெண்ணின் நிறம்.

## எந்தக் கல்யாணத்துக்கு எது

| கல்யாணம் | முழு வெள்ளை, ஐவரி | வெளிர் சாயல் | வெளிர் உடல், அடர் பார்டர் | அடர் நிறம் |
|---|---|---|---|---|
| தமிழ் சர்ச் கல்யாணம் | வேண்டாம் | சந்தனமும் டிஷ்யூவும் வேண்டாம், மற்றவை சோதித்த பிறகு | சரி, கரை வெறும் ஜரிகை என்றால் வேண்டாம் | தாராளமாக |
| பிரிட்டன், கனடா, அமெரிக்காவில் வெள்ளைக் கவுன் கல்யாணம் | வேண்டாம் | ஷாம்பெயின் வேண்டாம், பகலில் பிஸ்தா, பீச் சரி | சரி | தாராளமாக |
| சிங்களவர் கண்டிய முறைக் கல்யாணம் | வேண்டாம் | வெள்ளி நிறம் வேண்டாம் | சரி | சரி, ஹோம்கமிங்குக்கு (கல்யாணத்துக்குப் பிறகு நடக்கும் விருந்து) சிவப்பு தவிர |
| கேரள இந்துக் கல்யாணம் | கசவு என்றால் நல்லது | சரி | சரி | சரி |
| தமிழ் இந்து முகூர்த்தம் | தவிர்ப்பது நல்லது | சந்தனம் உட்பட எல்லாம் சரி | சரி | சரி, முழுக் கறுப்பு தவிர |

அட்டவணையில் அடங்காத சில விஷயங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு: சிங்கள மணப்பெண் கட்டும் ஒசரி (கண்டி முறைப் புடவை) பெரும்பாலும் வெள்ளை அல்லது வெள்ளி இழை ஓடும் ஐவரி. பிறகு ஹோம்கமிங் விருந்துக்கு அவள் சிவப்பில் வருவது வழக்கம். இரண்டு அழைப்புக்கும் ஒரே புடவை என்று நினைத்தால் இரண்டு நிறத்தையும் தவிர்த்து நீலமோ பச்சையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு: அங்கே இந்த விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பு அதிகம். போட்டோவில் வெள்ளையாகத் தெரியக்கூடிய வெளிர் பழுப்பைக்கூட விருந்தாளிகள் தவிர்ப்பார்கள்.

இந்துக் கல்யாணம் என்றாலே வெள்ளை ஆகாது என்றும் முடிவு கட்ட வேண்டாம். தெலுங்குக் குடும்பங்களில் மதுபர்க்கம் என்று வெள்ளை உடலும் சிவப்புக் கரையுமாக மணப்பெண்ணே கட்டுவாள். குஜராத்தியர்களின் பானேதரும் வெள்ளையும் சிவப்பும்தான். சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவது நல்லது.

## கேட்பது எப்படி

"நான் இந்தச் சந்தனப் புடவை கட்டலாமா?" என்று மணப்பெண்ணிடம் கேட்டால், "ஐயோ, தாராளமா கட்டுங்கக்கா" என்றுதான் பதில் வரும். முகத்துக்கு நேரே யார் வேண்டாம் என்பார்கள்? என் தங்கச்சியும் என்னிடம் அப்படித்தான் சொன்னாள். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "நீ என்ன நிறம் எடுத்திருக்கே? போட்டோ ஒண்ணு அனுப்பேன்." படத்தைப் பார்த்ததும் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கேட்காதீர்கள், அப்போது அவளுக்கு ஆயிரம் வேலை. முதல் ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே புடவை எடுத்திருப்பார்கள், அப்போதே அவள் அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டுவிடலாம்.

கடைசி நேரத்தில்தான் தெரிய வந்தது, மாற்றுப் புடவையும் கையில் இல்லை என்றால், அடர் நிற பிளவுஸ், தோளில் ஒரு நல்ல ஷால், கழுத்தில் பவளமோ பச்சைக்கல்லோ. தலையில் கனகாம்பரம் கிடைத்தால் இன்னும் நல்லது, மல்லிகை வேண்டாம். குடும்பப் போட்டோவில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்காமல் இரண்டு ஆள் தள்ளி, அடர் நிறத்தில் இருப்பவருக்குப் பின்வரிசையில் நில்லுங்கள். கவுன் போட்டுக்கொண்டு வெளிநாட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே வழிதான், ஷாலுக்குப் பதில் ஒரு அடர் நிறக் கோட்.

## வெள்ளையே கட்டுகிறவர்கள்

இதைச் சொல்லாமல் நான் மேலே சொன்னதெல்லாம் முழுமையாகாது. நம் வீடுகளில் வெள்ளையை மட்டுமே கட்டும் பெண்கள் இருக்கிறார்கள். கணவர் போன பிறகு நிறத்தை விட்டவர்கள், வயதாக ஆக ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளை என்று பழகியவர்கள், கன்னியாஸ்திரீகள், கேரளத்தில் சட்டையும் முண்டும் உடுத்தும் சிரியன் கிறிஸ்தவப் பாட்டிமார்கள். ‘விருந்தாளி வெள்ளை கட்டக்கூடாது’ என்ற விதியை இவர்கள் காதில் விழும்படி பேசவே கூடாது என்பது என் கருத்து. யாரும் இவர்களை மணப்பெண்ணோடு போட்டி போடுகிறவர்களாகப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அவர்கள் கல்யாணத்துக்கே வராமல் இருந்துவிடுவார்கள்.

எங்கள் அத்தை அப்படித்தான் இருந்துவிடப் பார்த்தார். மாமா இறந்து 28 வருஷம், அன்றிலிருந்து மெல்லிய நீலக்கோடு போட்ட வெள்ளைக் காட்டன் புடவைதான். தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் போன் செய்து, "நான் சாம்பல் கலர்ல ஒண்ணு வாங்கிட்டேன் பிள்ளே, வெள்ளையில வந்து நின்னா நல்லா இருக்காதுல்லா" என்றார். நான் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் அன்று சாயங்காலமே பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, அந்த நீலக்கோட்டுப் புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, "இதைத்தான் கட்டிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கல்யாணத்தன்று அத்தை மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். குடும்பப் போட்டோ முடிந்து எல்லாரும் கலையும்போது தங்கச்சி நெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய், அத்தை கையைப் பிடித்துக் கூட்டி வந்து தன் பக்கத்தில் நிறுத்தினாள். அந்தப் படத்திலும் இரண்டு பேர் வெள்ளையில்தான் நிற்கிறார்கள். அதைத்தான் அவள் பெரிதாகப் பிரேம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள்.